முப்பத்தொரு மணி நேரம்

டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் குறை சொல்லவில்லை. நேற்றுக் காலையிலிருந்து சூடாக எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அந்த ஜன்னலை மட்டும் சாத்தச் சொன்னால் உதவியாக இருக்கும். இருபத்திரண்டு வருடம் ஜன்னலே இல்லாத அறையில் வேலை பார்த்தவன் நான். தெருச் சத்தம் கேட்டால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் ஐயா. மறைக்கும் உத்தேசம் இல்லை. வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள்.

மருத்துவமனையை நீங்கள் பார்த்தீர்கள். எட்டு மாடி, ஐந்நூற்று நாற்பது படுக்கை. தரைத் தளத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு. அதற்குக் கீழே துணி வெளுக்கும் தளம். அதற்கும் கீழே, லிஃப்ட் போய் நிற்கும் கடைசி இடத்தில், ஒரு பக்கம் பிணவறை, மறுபக்கம் நான். மேலே இருக்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் பாதாளம். யாராவது எதையாவது தொலைத்துவிட்டால், "பாதாளத்துல கேட்டுப் பாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இனிமேல் கிடைக்காது என்று அதற்கு அர்த்தம். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேலை பார்க்கிற இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

என் வேலை எளிமையானது. நோயாளிகளின் விவரம் எல்லாம் சர்வரில் இருக்கும். யாருக்கு என்ன நோய், என்ன ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எப்போது என்ன ஊசி போட்டார்கள் என்பதெல்லாம். அதைத் தினமும் சாயங்காலம் டேப்பில் படி எடுத்து, சீட்டு ஒட்டி, நெருப்புப் புகாத இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவேன். ஒரு நாள் சர்வர் செத்துப்போனால், டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு நாள் இருபத்திரண்டு வருடத்தில் வரவே இல்லை. தினமும் சமைத்துவைத்து, ஒருவரும் சாப்பிட வராத வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இருந்தது.

டேப்பிலிருந்து மீட்பது மெதுவான வேலை. அதை நான் மறுத்ததே இல்லை. பெரிய கோப்பாக இருந்தால் ஒரே மூச்சில் வந்துவிடும். எங்களிடம் இருந்தது சின்னச் சின்னக் கோப்புகள், தொண்ணூறு லட்சம். சர்வர் ஒன்றை வாங்கி எழுதி முடிப்பதற்குள் டேப் தாண்டி ஓடிவிடும். நிற்கும், பின்னால் வரும், மறுபடி புறப்படும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் கேட்கும். தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி. மொத்தம் பதினோரு டேப். டேப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம்.

சின்னவனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. எங்கள் கல்யாணத்தின்போது அவனுக்கு ஒன்பது வயது. அப்பா இல்லாத பிள்ளை என்பதால் எங்களோடுதான் வளர்ந்தான். வீட்டில் எல்லோரும் கூப்பிட்ட பெயர் அது. முப்பத்தாறு வயதாகி, கல்யாணமாகி, நான்கு வயதில் ஒரு பெண் பிறந்த பிறகும் அவன் சின்னவன்தான். படிப்பில் கெட்டிக்காரன். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவனாக வந்தான். அதாவது எனக்கு மேலதிகாரி. மற்றவர்கள் முன்னால் நான் அவனை "சார்" என்பேன், அவனும் என்னை "சார்" என்பான். லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் என்றால், "மாமா, அக்கா இன்னிக்கு என்ன சமையல்?" என்பான்.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஒத்திகை வைத்தான். சர்வர் விழுந்ததாக நினைத்துக்கொண்டு, டேப்பிலிருந்து வேறொரு வட்டுக்கு எல்லாவற்றையும் மீட்டுக் காட்டச் சொன்னான். காட்டினேன். முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று. கூட்டத்தில் எல்லோரும் அந்த நேரத்தைத்தான் பார்த்தார்கள். வந்த கோப்பில் ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. சின்னவன் எழுந்து சொன்னான்: "நம்ம டேப் மீட்டு முடிக்கறதுக்குள்ள நோயாளி குணமாகி, வீட்டுக்குப் போயி, பேரன் பேத்தி எடுத்து, அடுத்த வியாதிக்குத் திரும்பி வந்துடுவாரு." பெரிய டாக்டர், அதாவது எங்கள் இயக்குநர் அம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. மாதக் கடைசியோடு டேப் அறையை மூடுவது, எல்லாவற்றையும் வேகமான வட்டுகளில் வேறொரு கட்டடத்தில் வைப்பது, என்னை முதல் மாடியில் பதிவு மேசைக்கு மாற்றுவது. லிஃப்டில் அவன் என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "ஜன்னல் இருக்கற ரூம் மாமா. காத்தும் வெளிச்சமுமா இருக்கும்." அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை காலை, சர்வர் விழுந்தது. அதோடு சேர்ந்து, அதன் பக்கத்திலேயே இருந்த இரண்டாவது நகலும். எட்டு மாடியிலும் திரைகள் வெறுமையாகிவிட்டன. பெரிய டாக்டர் கீழே இறங்கி வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. நாற்காலி துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முப்பத்தொரு மணி நேரம் டாக்டர்."

அவர் சின்னவனைப் பார்த்தார். "வேற வழியே இல்லையா?"

"இல்ல டாக்டர். அந்தக் கட்டடத்துல வச்ச ட்ரையல் காப்பி ரெண்டு வாரம் முன்னாடியே நின்னு போச்சு. இப்போதைக்கு டேப் ஒண்ணுதான் கதி."

அந்த வாக்கியத்தை அவன் வாயால் கேட்டேன். எட்டு மணிக்கு முதல் டேப்பை ஏற்றினேன்.

மேலே எல்லாம் காகிதத்தில் நடந்தது. போன் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். மத்தியானம் நான்கு மணிக்கு, மூன்றாவது டேப் ஓடும்போது, நான்காம் மாடியின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

"அண்ணா, ஒரே ஒரு ஃபைல் மட்டும் வேணும்ணா. பஸ் டிரைவர் ஒருத்தர், நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியாம வந்திருக்காரு. ஆறு வருஷம் முன்னாடி நம்மகிட்ட இருந்தவரு. அப்போ ஏதோ ஒரு மருந்து ஒத்துக்காம போச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எந்த மருந்துன்னுதான் ஞாபகம் வரல."

"அவரையே கேக்கலாமேம்மா."

"பேச முடியலண்ணா. சம்சாரம் ஊர்லேர்ந்து வந்துகிட்டிருக்காங்க, போன் கிடைக்கல. டாக்டர் காத்திருக்க முடியாதுங்கறாரு."

அது ஐந்தாவது டேப்பில் இருந்தது. எந்த நோயாளி எந்த டேப்பில் என்பதற்கு என்னிடம் பட்டியல் உண்டு, புரட்டிப் பார்த்தேன். ஓடுகிற டேப்பை நிறுத்தி, வெளியே எடுத்து, ஐந்தாவதை ஏற்றி, வேண்டிய இடம் வரைக்கும் ஓட்டி, அந்த ஒன்றை மட்டும் படித்துச் சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் முப்பத்தொரு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். நாற்பது நிமிடம் கூடினால், பார்த்தீர்களா, சொன்ன நேரத்துக்குக்கூட முடியவில்லை என்றுதான் பேச்சு வரும்.

"வரிசையிலதான் வரும்மா," என்றேன். "நாளைக்கு மூணு மணிக்கு எல்லாம் முடிஞ்சுடும்."

ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். "ஊசி போட்டு இருபது நிமிஷம்ணா. நாக்கு வீங்கி வாயை விட்டு வெளிய வந்துடுச்சு. கழுத்துல ஓட்டை போட்டுப் பாத்தாங்க, ரத்தம்தான் வந்துச்சு. கட்டில் கம்பியைப் புடிச்சு வளைச்சுட்டாரு. நாலு பேர் புடிச்சும் விரலைப் பிரிக்க முடியல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு." வைத்துவிட்டார். குறிப்பேட்டில் எழுதினேன்: ஐந்து மணி இரண்டு நிமிடம், நான்காம் மாடி, தகவல். நான்காவது டேப்பில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

இரவு டேப் மாற்றுவதிலேயே கழிந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

நேற்றுக் காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சின்னவன் வந்தான். அந்த அறைக்குள் நுழைய இரண்டே இரண்டு அட்டைகள்தான், ஒன்று என்னுடையது, ஒன்று அவனுடையது. உள்ளே வந்து அவனே கதவைச் சாத்தினான். முந்தின நாள் சட்டையையே போட்டிருந்தான். கையில் மடித்த ஒரு காகிதம்.

"மாமா, மேல ரெண்டு பேர் செத்துட்டாங்க. டிரைவர் ஒருத்தரு. விடியக்காலைல ஒரு தச்சரு. ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மருந்தை ரெண்டு தடவை குடுத்துட்டாங்க. முதல் தடவை குடுத்தது சீட்டுல ஏறல. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போயிட்டாரு."

"சீட்டுல எழுதணும்," என்றேன்.

அவன் காகிதத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தான். "இது என்ன மாமா?"

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பத்தொன்றுக்கு, சர்வரையும் அதன் நகலையும் முழுசாக அழிக்கச் சொல்லி ஓர் உத்தரவு போயிருந்தது. என் அறையிலிருந்த கம்ப்யூட்டரிலிருந்து. என் பெயரில்.

ஆமாம் ஐயா, அழித்தது நான்தான். முன்பே சொல்லவில்லையே என்று பார்க்காதீர்கள், வரிசையில் இது இங்கேதான் வருகிறது. கோபத்தில் செய்ததில்லை. ஒரு டேப் மருத்துவமனையைக் காப்பாற்றி யாரும் பார்த்ததில்லை. பார்க்காததை மூடிவிடுவது சுலபம். ஒரே ஒரு தடவை காட்டிவிட்டால், பிறகு மூட மனம் வராது. ஞாயிற்றுக்கிழமையே பதினோரு டேப்பையும் எடுத்து அடுக்கிவைத்தேன். திங்கட்கிழமை காலை வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். தயாராக இருந்தேன். தயாரில்லாமல் செய்திருந்தால் அது தப்பு.

சின்னவன் முக்காலியில் உட்கார்ந்து அழுதான். சின்ன வயதில் அழுத மாதிரியே, மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு.

"ஏன் மாமா? நான் சிரிச்சேன்னா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"யாருக்கும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். சொன்னா அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? இந்தப் பேப்பரை நீங்களே கிழிச்சுப் போடுங்க. இப்போ நான் அந்தக் கட்டடத்துலேர்ந்துதான் வரேன். ட்ரையல் காப்பி நிக்கவே இல்ல மாமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டே மணி நேரம், மேல எல்லாம் ஓட ஆரம்பிச்சுடும். ஆனா டேப் இப்போ எழுதிக்கிட்டிருக்கற அதே வட்டுலதான் எழுதணும். டேப்பை நிறுத்துங்க."

"ஒன்பதாவது ஓடுது மாப்ள. இன்னும் ஏழு மணி நேரம்தான் பாக்கி."

"அந்த ஏழு மணி நேரத்துல இன்னும் எத்தனை பேர் சாகணும்?"

"எடுத்த வேலையைப் பாதியில விட்டா நல்லா இருக்காது."

அவன் என்னை வெகு நேரம் பார்த்தான். தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு, "தள்ளுங்க மாமா," என்று என் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கிவிட்டு, என் மேசைமேல் குனிந்தான்.

கதவோரத்தில் தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருக்கும். ஆறு கிலோ எடை. கொக்கியிலிருந்து சும்மா தூக்கினால் கையோடு வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தால் அவன் வலது காதுக்கு மேலே அடித்தேன். ஈர மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவன் விழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு திரும்பி, "மாமா," என்றான். திட்டவில்லை, கத்தவில்லை, எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்பதைப் போலத்தான் சொன்னான். ஆனால் இன்னொரு கை அப்போதும் மேசைமேல்தான் இருந்தது. அதனால் இரண்டாவது அடி. அது முகத்தில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் போயிற்று. முக்காலிக்கும் இயந்திர அடுக்குக்கும் நடுவில் மடங்கி விழுந்தான். மணி எட்டு பன்னிரண்டு.

ரத்தம் நான் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. தரை அங்கே அடுக்கின் பக்கம் சற்றுச் சரிவு, வயர்களெல்லாம் அந்தப் பக்கம்தான் போகின்றன. என் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டி, அணை மாதிரி வைத்தேன். என் மனைவி பின்னியது, கெட்டியான கம்பளி. நன்றாக உறிஞ்சிக்கொண்டது. வயர் ஒன்றுகூட நனையவில்லை.

அவன் செத்துவிட்டான் என்று நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் எழுத எளிதாக இருக்கும். அப்படி நான் நினைக்கவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தது. உடைந்த மூக்கு வழியாக, இழுத்து இழுத்து, சத்தமாக. நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான்: இரண்டு தளம் மேலே அவசர சிகிச்சை, லிஃப்டில் நாற்பது விநாடி. எனக்கும் அது தோன்றியது. ஆனால் கூப்பிட்டால் நான்கு பேர் ஓடிவருவார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் டேப்பை நிறுத்துவார். ஒன்பது மணி இருபத்தொன்றுக்கு ஒன்பதாவது டேப் முடிந்தது. கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவன் காலைத் தாண்டிப் போய்ப் பத்தாவதை ஏற்றினேன். ஈரக் கையோடு டேப்பைத் தொடக் கூடாது.

பதினோரு மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, ரெண்டு பேரும் ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா? சின்னவன் போனை எடுக்க மாட்டேங்கறான். அவன் பொண்டாட்டி எனக்குப் போன் மேல போன் போடறா."

"இங்கதான் இருக்கான். தூங்கறான்."

"வேலை நேரத்துலயா?"

"ராத்திரி பூரா முழிச்சிருந்தான்ல."

காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள். "ஆமா, குறட்டை இங்க வரைக்கும் கேக்குது. சின்னப் பிள்ளையிலேர்ந்தே இப்படித்தான், அசந்தா இடி விழுந்தாலும் தெரியாது. எழுப்பாதீங்க, பாவம். தரையில படுத்திருந்தா தலைக்கு ஏதாவது வச்சு விடுங்க."

"சரி," என்றேன்.

பெட்டியோடு வந்த பஞ்சு அட்டை ஒன்று இருந்தது. அதை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தேன். அவள் ஒன்று சொன்னால் நான் தட்டியதில்லை. இருபத்தேழு வருடக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

அதனால் அவனுக்கு மூச்சு கொஞ்சம் எளிதாகிவிட்டதோ என்னவோ. பதினொன்று நாற்பதுக்கு அசைந்தான். கண் தெரிந்திருக்காது. ஒரு கையால் தரையைத் தடவித் தடவி ஊர்ந்து வந்து, அடுக்கின் பின்னால் தொங்கிய மின்வயரைப் பிடித்தான். தெரிந்து பிடித்தானா, எதையாவது பற்றி எழுந்துகொள்ளப் பார்த்தானா, எனக்குத் தெரியாது. பத்தாவது டேப்புக்கு இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. முதலில் பக்குவமாகத்தான் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "விடு மாப்ள, கொஞ்ச நேரந்தான்," என்று சொன்னேன். சுண்டுவிரல் ஒடிந்தது, அப்போதும் விடவில்லை. வயர் இழுபட்டு, இயந்திரத்தின் விளக்கு ஒரு தடவை மினுக்கியது.

அப்போது மறுபடி சிலிண்டரை எடுத்தேன். இந்தத் தடவை மேலிருந்து, இரண்டு கையாலும். எலும்பு உள்ளே போவது கைப்பிடி வரை தெரிந்தது. முட்டை ஓட்டைக் கரண்டியால் தட்டினால் முதலில் கெட்டியாக இருந்து, பிறகு சட்டென்று மெத்தென்று ஆகுமே, அப்படி. உங்கள் அறிக்கையில் ஐந்து அடி என்று எழுதியிருப்பது சரி: காலையில் இரண்டு, மத்தியானம் மூன்று. மூன்றாவது தேவைப்பட்டிருக்காது. ஆனால் இன்னொரு தடவை நடுவில் எழுந்திருக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த மூச்சுச் சத்தம் இல்லை. டேப் சத்தம் மட்டும் கேட்டது.

பெரிய டாக்டர் இரண்டு தடவை போனில் சின்னவனைக் கேட்டார். "கீழதான் இருக்காரு டாக்டர், கைவேலையா இருக்காரு," என்றேன். அவர் நம்பாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பதினோராவது டேப் நின்றது. திரையில் வந்ததை அப்படியே சொல்கிறேன்: மீட்கப்பட்டவை, தொண்ணூறு லட்சத்துச் சொச்சம். தவறியவை, பூஜ்யம். நானே மேலே கூப்பிட்டுச் சொன்னேன். நானே கதவைத் திறந்துவைத்தேன்.

பெரிய டாக்டரும் நான்காம் மாடித் தலைமை நர்ஸும் வந்தார்கள். இரண்டு நாளாகத் தூங்காத முகம் டாக்டருக்கு. உள்ளே வந்ததும் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி," என்றார், குரல் உடைந்து. "உங்களை நாங்க மறக்க மாட்டோம்." அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார். பிறகு வாடை. பிறகு முக்காலிக்குக் கீழே தெரிந்த பாதம். மண்டியிட்டு அவன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். வைக்க வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தாலே தெரியும். ஆனால் டாக்டர்கள் வைத்துத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. அவர் கேட்டது ஒரே கேள்வி. "எப்போ?"

"பதினொண்ணு நாப்பத்தஞ்சு டாக்டர். ஆரம்பிச்சது எட்டு பன்னிரண்டு."

அந்த நர்ஸ் அவனைப் பார்க்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி என்னைப் பார்க்க மறுத்துவிட்டாள் என்று காலையில் சொன்னீர்கள். கொஞ்சம் நாள் போகட்டும். தம்பியைப் பறிகொடுத்த வீட்டில் ஆண்பிள்ளை என்று இனி நான் ஒருவன்தானே இருக்கிறேன். வருவாள்.

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் எழுதிக் கொடுத்தாரே, அந்தக் காகிதம். அதையும் முடித்துவிடுவோம். மூன்றாவது டேப்பிலிருந்து பதினொன்று வரை, வந்த கோப்புகளில் பட்டியலிலிருந்து வந்த பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை என்கிறார். டேப்பில் எழுதுகிற முனை தேய்ந்துபோய், பல மாதமாக வெறும் டேப்தான் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஒத்திகையின்போதே ஒரு கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமாம். சின்னவன் காப்பியின் விவரம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த சீட்டைப் பார்த்து, அந்தக் கட்டடத்துக் காப்பியை வைத்து, நேற்று ராத்திரிக்குள் மருத்துவமனையை ஓடவைத்துவிட்டார்களாம். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்றாம்.

அதில் எனக்கு ஒரு நன்மை இருக்கிறது என்றும் நீங்கள் சொன்னீர்கள். ஐந்தாவது டேப்பும் வெறுமைதான் என்பதால், அந்த நர்ஸ் கேட்டபோது நான் தேடியிருந்தாலும் டிரைவரின் கோப்பு கிடைத்திருக்காது. கொடுக்க மறுத்துச் சாகவிட்டேன் என்ற குற்றச்சாட்டு நிற்காது. வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், புரிகிறது.

ஆனால் அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது ஐயா. அந்த நிபுணர் அவசரமாகப் பார்த்திருக்கிறார். என் டேப்பில் எல்லாம் இருந்தது. நீங்கள் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு ஐந்தாவது டேப்பில் இருந்தது. நாற்பது நிமிடத்தில் எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. டிரைவரைக் கொன்றது நான்தான்.